ஏற்காட்டை வைத்து மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: கண்ணாடிப் பாலம் தவிர வேறு யோசனை உண்டா?

#1 பாடவேளை

வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் சுற்றுலாவியல் நடத்துகிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைத் தாள் உண்டு. ஒரு சுற்றுலாத் தலத்தை எடுத்துக்கொண்டு, அங்கே வருகிறவர்களின் அனுபவத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணெதிரே மலை இருக்கும்போது வேறு எங்கே போவது? எல்லோருக்கும் ஏற்காடுதான்.

வருஷா வருஷம் வருகிற திட்டங்களைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பகோடா பாயின்டில் கண்ணாடிப் பாலம். லேடீஸ் சீட்டிலிருந்து ரோப் கார். ஏரி நடுவில் இசை நீரூற்று. கிளியூர் அருவி மேலே ஜிப் லைன். மிச்சம் இருக்கிற இடத்திலெல்லாம் செல்ஃபி பாயின்ட். ஸ்லைடு பளபளவென்று இருக்கும், உள்ளே ஒட்டியிருக்கும் படம் சீனாவில் எடுத்ததாக இருக்கும். "இது யாருக்குப்பா?" என்றால் "டூரிஸ்ட்டுக்கு மேடம்" என்று பதில் வரும். எந்த டூரிஸ்ட், யாரோடு வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டால் முழிப்பார்கள்.

இத்தனைக்கும் ஏற்காடு போகாத பிள்ளை என் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. பைக்கில் ஏறுவார்கள், மேகி சாப்பிடுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

இந்த முறை ஒரு நிபந்தனை வைக்கலாம் என்றிருக்கிறேன். புதிதாக எதையும் கட்டக் கூடாது. இருக்கிறதை இடம் மாற்றலாம், நேரம் மாற்றலாம், வேண்டாததை எடுத்தும் விடலாம். அவ்வளவுதான். துறையில் இது சிலருக்குப் பிடிக்கவில்லை, "கற்பனைக்குத் தடை போடுகிறீர்கள்" என்கிறார்கள். கையில் இருப்பது ஆறு வாரம், ஒரு நாளைக்குக் கல்லூரிப் பேருந்து, நாற்பது மாணவர்கள். மலையோடு தொழில் உறவு உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். என்ன வேலை கொடுத்தால் இவர்கள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்?

#2 இருபதாம்வளைவு

மேடம், நான் டிராவல்ஸ் வேன் ஓட்டறவன். உங்க பசங்கள முதல்ல டிரைவர் பக்கத்து சீட்டுல ஒரு நாள் உக்காரச் சொல்லுங்க. பாதிப் பாடம் அங்கயே முடிஞ்சிரும்.

பெங்களூர்ல இருந்து ஒரு குடும்பம் வருதுன்னு வைங்க. விடியக்காலம் கிளம்பி, தொப்பூர் தாண்டி, சேலத்துல டிபன் முடிச்சு அடிவாரம் வரும்போது பத்து மணி. அதுக்கு மேல இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது பத்தாவது வளைவுலயே பின் சீட்டுல ஒரு குழந்தைக்குக் குமட்ட ஆரம்பிக்கும். ஓரம் கட்ட தோதான இடம் கிடைக்காது, கட்டுற இடத்துல குரங்கு வந்து நிக்கும். பை எங்க, தண்ணி எங்கன்னு ஒரே களேபரம். மேல போய்ச் சேரும்போது அந்தம்மா மூஞ்சியில ஈயாடாது. அப்புறம் எத்தனை கோடியில பாலம் கட்டி வெச்சாலும் அது ரசிக்குமா சொல்லுங்க. சாப்பிட்ட உடனே மலையேறாதீங்கன்னு முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டா போதும். நான் போடறேன். செலவு சல்லிக்காசு கிடையாது.

மேல ஏறினா எல்லாருக்கும் முதல்ல கண்ணுல படறது ஏரி. அதனால எல்லா வண்டியும் அங்கயே நிக்கும். போட்டுக்கு வரிசை, பார்க்கிங்குக்கு வரிசை, பாத்ரூமுக்கு வரிசை. அது முடிஞ்சு சாப்பாடு. அப்புறம் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், நேரம் மிஞ்சினா சேர்வராயன் கோயில். ஒரு வண்டி பாக்கி இல்லாம இதே வரிசைதான். காலையில பகோடா பாயின்ட்ல ஆளே இருக்க மாட்டாங்க, சாயங்காலம் நிக்க இடம் இருக்காது. நான் என் பார்ட்டிய நேரா சேர்வராயன் கோயில் உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கிருந்து இறங்கி வரவர ஒவ்வொண்ணா காட்டுவேன். அதே மலை, அதே டிக்கெட் காசு, ஆனா யாரும் சிடுசிடுன்னு இருக்க மாட்டாங்க.

#3 செவ்வாப்பேட்டைக்காரன்

எனக்கு ஒரு சங்கதி புரியலைங்க. பசங்க பெருசா யோசிச்சா தப்பா? கன்னியாகுமரியில கண்ணாடிப் பாலம் போட்டாங்க, கூட்டம் அள்ளுது. நம்ம ஊர்ல போட்டா மட்டும் கசக்குதா? வர்றவன் ஜாலியா இருக்கத்தான் வர்றான். அவன்கிட்ட போய் வரிசையை மாத்து, நேரத்தை மாத்துன்னு பாடம் எடுத்தா ஊட்டிக்குப் போயிருவான். ஏற்காட்டுல புதுசா பாக்க ஒண்ணும் இல்லைன்னு என் வீட்டுப் பசங்களே சொல்றாங்க.

#4 பாடவேளை

@செவ்வாப்பேட்டைக்காரன், நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்களே, 77 மீட்டர் பாலம், அது ஏன் அங்கே வந்தது? விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும். திருவள்ளுவர் சிலைக்குக் கடல் மட்டம் இறங்கினாலோ சீற்றம் இருந்தாலோ படகு போகாது. அத்தனை தூரம் வந்தவர்கள் சிலையைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்தச் சிக்கலுக்கு விடைதான் பாறையையும் சிலையையும் இணைக்கிற அந்தப் பாலம். கண்ணாடி என்பது மேல்பூச்சு.

பகோடா பாயின்டில் என்ன சிக்கல்? எங்கே போக முடியாமல் எவர் நிற்கிறார்? இந்தக் கேள்விக்கு ஒரு மாணவர் விடை சொல்லிவிட்டால் பாலமே கட்டட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன். விடையை மட்டும் அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நடுவதைத்தான் நிறுத்தப் பார்க்கிறேன்.

@இருபதாம்வளைவு அண்ணா, முன் சீட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

#5 நிழல்மரம்

நாகலூர்ப் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம். இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டிருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் மே மாதம் வந்து "காப்பிப் பழம் எங்கே, பறிக்கலாமா?" என்று கேட்பார்கள். அப்போது செடியில் இருப்பது மிளகு அளவுப் பச்சைக்காய். பழம் சிவந்து பறிப்பு நடப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் களத்தில் காய்கிற கொட்டையின் வாசம், பழத்தோல் புளித்த நாற்றம், பறிப்புக்கு வரும் பெண்களின் பேச்சு எல்லாம் சேர்ந்து தோட்டமே வேறு மாதிரி இருக்கும். பார்க்க ஆள் இருக்காது.

இன்னொன்று சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் கோடையின் முதல் நல்ல மழை விழுந்து எட்டு ஒன்பது நாளில் காப்பி பூக்கும். மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகி, மல்லிகை மாதிரி மணம் ஊரைத் தூக்கும். இரண்டு மூன்று நாள், அதற்குமேல் நிற்காது. மழை என்றைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் மழை விழுந்த அன்றைக்கே, இன்னும் எட்டு நாளில் பூ என்று சொல்லிவிடலாம். சேலத்துக்காரர்களுக்கு இது எத்தனை பெரிய வசதி! பெங்களூர்க்காரரோ சென்னைக்காரரோ எட்டு நாளில் விடுப்புப் போட்டு வர முடியாது. சேலத்துக்காரர் ஞாயிறு காலை பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அப்படி ஒரு சேதி சொல்லும் ஏற்பாடு இன்று வரை இல்லை. மேடம், உங்கள் பிள்ளைகளை முதலில் ஒரு பன்னிரண்டு மாதக் காலண்டர் போடச் சொல்லுங்கள். எந்த மாதம் மலையில் என்ன நடக்கிறது, யார் பார்க்கிறார்கள், எது பார்க்க ஆளின்றிப் போகிறது. கோடை விழா மலர்க் கண்காட்சியில் தொட்டியில் அடுக்கி வைத்த பூவைப் பார்க்கத்தான் மே மாதம் முழுக்க நெரிசல். மலை தானாகப் பூக்கிற நாள் காலண்டரிலேயே கிடையாது!

கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காப்பி நட்ட கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு, எதிரில் நிற்பது சில்வர் ஓக் மரம், அதைச் சுற்றி ஏறியிருப்பது மிளகுக் கொடி, அந்த நிழல் இல்லாவிட்டால் கீழே காப்பி பிழைக்காது என்பதைச் சொல்ல மாட்டார்கள். கதை இருநூறு வருஷத்துக்கு முந்தையது, மரம் கண்ணெதிரே நிற்கிறது.

#6 மலைக்காரன்_மஞ்சக்குட்டை

எல்லாரும் வர்றவங்க அனுபவத்தைப் பத்தியே பேசறீங்க. இருக்கறவங்க அனுபவம்னு ஒண்ணு இருக்குங்க டீச்சர்.

நான் இந்த மலையிலயே இருக்கற மலையாளிப் பழங்குடி, கேரளாக்காரன் இல்ல. சேலத்துல டிகிரி முடிச்சிட்டு மேல வேலை பாக்கறேன். ஏற்காடு ஒன்றியத்துல அறுபதுக்கு மேல மலைக்கிராமம் இருக்கு. டூரிஸ்ட்டுக்குத் தெரிஞ்சது ஏரியும் அதைச் சுத்தி நாலஞ்சு பாயின்ட்டும். ஞாயித்துக்கிழமை ஏரிக்கிட்ட வண்டி சிக்கிச்சுன்னா எங்க ஊர் பஸ்ஸும் அதுல சிக்கும். நெறமாசக்காரியக் கூட்டிட்டுப் போற 108ம் அதுலதான் சிக்கும்.

முன்ன ஒரு காலேஜ்ல இருந்து பசங்க வந்தாங்க. எந்த காலேஜ்னு சொல்லல. கையில படிவம். "உங்கள் வாழ்வாதாரம் என்ன, மாத வருமானம் எவ்வளவு, சுற்றுலாவால் பயன் உண்டா, ஆம் இல்லை." எங்க அப்பாயிகூட நின்னு போட்டோ எடுத்தாங்க. அந்த போட்டோ யாரோ ஒருத்தர் ஸ்டேட்டஸ்ல வந்து எங்களுக்குத் தெரிஞ்சுது. ரிப்போர்ட் என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சேர்வராயன் கோயில் உங்களுக்கு வியூ பாயின்ட். எங்களுக்கு அது சாமி. குகைக்குள்ள சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க. மே மாசத் திருவிழாவுக்கு மலை முழுக்க இருந்து சனம் வரும், அதே மாசம் கோடை விழாக் கூட்டமும் சேர்ந்துக்கும். ஷூ போட்டுட்டு வாசல்ல நின்னு ரீல்ஸ் எடுக்கறவங்கள நாங்க என்ன சொல்றது?

அதனால நான் சொல்ற வேலை இது. எதைக் காட்டலாம்னு ஒரு பட்டியல் போடற பசங்க, எதைக் காட்டக் கூடாதுன்னும் ஒரு பட்டியல் போடணும். ரெண்டாவது பட்டியலை அவங்களா போடக் கூடாது, ஊர்ல கேட்டுத்தான் போடணும். ஊர் வேண்டாம்னு சொன்னா அந்தத் திட்டத்தைக் கிழிச்சுப் போடணும்.

#7 பாடவேளை

தம்பி, கடைசி வரி எனக்கு முக்கியம். கிழித்துப் போட்ட திட்டத்துக்கு மதிப்பெண் எப்படி என்பதை யோசிக்க வேண்டும். ஏனென்றால் ஐந்தாம் வாரம் ஊர் வேண்டாம் என்று சொன்னால், மதிப்பெண்ணுக்குப் பயந்து பிள்ளைகள் ஊர் ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள். எனக்கு என் பிள்ளைகளைத் தெரியும். ஊரைக் கேட்பது கடைசியில் வராமல் முதல் வாரத்திலேயே வருகிற மாதிரி வைக்கிறேன். யாரைக் கேட்பது, எப்படிப் போய்க் கேட்பது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

#8 மலைக்காரன்_மஞ்சக்குட்டை

ஊர்க்கவுண்டரையும் பாருங்க, மகளிர் குழுவையும் பாருங்க. ஒருத்தர மட்டும் பாத்துட்டு ஊரே சொல்லிச்சுன்னு எழுதாதீங்க. நாற்பது பேரும் மொத்தமா வரவேண்டாம், மூணு நாலு பேர் வந்தா போதும். படிவம் வேண்டாம். உக்காந்து பேசுங்க, நாங்களும் உங்கள நாலு கேள்வி கேப்போம்.

#9 வரைபலகை

சேலத்துக்காரன், இப்போது பெங்களூரில் சேவை வடிவமைப்பு வேலை. இந்த இழையில் டிரைவர் அண்ணா சொன்னதற்கு எங்கள் துறையில் ஒரு வரைபடம் இருக்கிறது. 1984ல் லின் ஷோஸ்டாக் என்ற அம்மையார் அதை ஒரு கட்டுரையில் விளக்கினார். தெருமுனையில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவரைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு கோடு. வாடிக்கையாளர் கண்ணில் படுகிற வேலைகள் கோட்டுக்கு மேலே, படாத வேலைகள் கோட்டுக்குக் கீழே. எங்கே தவறு நடக்கலாம், அதற்கு எத்தனை நிமிஷம் வீணாகும் என்றும் குறிக்க வேண்டும்.

ஏரியில் படகுச் சவாரியை இப்படி வரையச் சொல்லுங்கள். மேலே டிக்கெட், வரிசை, லைஃப் ஜாக்கெட், சவாரி, இறங்குதல். கோட்டுக்குக் கீழே யார் யார்? நனைந்த ஜாக்கெட்டை யார் எங்கே காய வைக்கிறார்? படகுத்துறை ஊழியர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் எங்கே போகிறது? கிளியூர் அருவிக்குத்தான். மேலே படகில் எறிகிற டம்ளர் கீழே அருவியில் குளிப்பவர் காலில் வந்து தட்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடைப் பலகை வைப்பதைவிட இந்த ஒரு தொடர்பைக் காட்டினால் கூடுதலாக உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆய்வையும் வகுப்பில் சொல்லலாம். 1993ல் டேனியல் கானமேன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்தது. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிஷம் கை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே ஒரு நிமிஷம், அதோடு கூடுதலாக அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் மட்டும் தண்ணீர் 15 டிகிரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் எடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது.

ஏற்காட்டு நாள் எப்படி முடிகிறது? சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். வளைவில் வண்டி வரிசை, பிரேக் வாசனை, அழுகிற குழந்தை. நாள் முழுக்கப் பார்த்தது நன்றாகவே இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்வது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான். என்னிடம் கேட்டால், ஒரு குழு முழுக்க முழுக்க அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

#10 இருபதாம்வளைவு

தம்பி சொல்றது நெசம். ஆனா உடனே யாராச்சும் குப்பனூர் ரோட்டுல இறக்கிவிடலாம்னு எழுதுவாங்க, அதுக்கு முன்னாடி சொல்லிடறேன். கோடை விழா நேரத்துல அடிவாரம் வழியா ஏத்தி, குப்பனூர் வழியா இறக்கி விடறது போலீஸே செய்யறதுதான். கொட்டச்சேடு தாண்டி இறங்கினா அயோத்தியாப்பட்டணம் பக்கம் சேரும். சென்னை, ஆத்தூர் போறவனுக்கு அது லாபம், பெங்களூர்க்காரனுக்குச் சுத்து. சரிவும் ஜாஸ்தி. புதுசா மலை ஓட்டறவன் கியர்ல இறங்காம பிரேக்கையே மிதிச்சுட்டு வருவான், பாதியில பிரேக் பிடிக்காது. பேப்பர்ல கோடு போட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஓட்டிப் பாத்தாதான் தெரியும்.

#11 கடைசிபெஞ்சு

நானும் சுற்றுலாவியல் படிச்சவதான் மேடம், இப்போ மலையில ஒரு ரிசார்ட்டுல வரவேற்புல இருக்கேன். கேள்வித்தாள் ஆய்வு பத்தி மேல ஒரு அண்ணா சொன்னாரு. டூரிஸ்ட்டுக்கும் அது தேறாது. "திருப்தியா?" னு கேட்டா "நல்லாருக்கு" னு டிக் போட்டுட்டுப் போயிருவாங்க. நான் செய்யறது வேற. கவுண்டர்ல வந்து என்ன கேக்கறாங்களோ அதை அப்படியே நோட்டுல எழுதி வெச்சுக்குவேன். "இங்க பாக்க என்னதான் இருக்கு?" "அருவியில இப்போ தண்ணி வருதா?" "எத்தனை படி, அம்மாவால இறங்க முடியுமா?" "பாத்ரூம் இருக்கா, பொம்பளைங்க போற மாதிரி இருக்கா?" இதுல கடைசி ரெண்டும்தான் தினமும் வரும். எந்த விளம்பரப் பலகையிலயும் இதுக்குப் பதில் கிடையாது. கிளியூர் அருவியில இறங்கறது சுலபம், ஏறி வர்றதுதான் வேலை. அதை மேலயே எழுதி வெச்சா எத்தனையோ பேர் பாதிப் படியில மூச்சு வாங்கிட்டு உக்காரமாட்டாங்க.

உங்க பசங்க ஒரு நாள் முழுக்க படகுத்துறை வாசல்ல நின்னு, மத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கற கேள்வியை மட்டும் எழுதிட்டு வரட்டும். அவங்க எதுவும் கேக்கக் கூடாது, வாயே திறக்கக் கூடாது.

அப்புறம் இன்னொண்ணு. வகுப்புல கற்பனையா ஒரு பயணியை உருவாக்கச் சொல்வாங்க இல்ல, "ரமேஷ், 34, ஐடி ஊழியர், இயற்கை விரும்பி" னு. அந்த ரமேஷுக்கு மூட்டு வலிக்காது, ஒண்ணுக்கு வராது, அவருக்குப் பிடிவாதம் பிடிக்கிற குழந்தை கிடையாது. ரமேஷை விட்டுடுங்க. ஒவ்வொரு குழுவும் சொந்தப் பாட்டியைக் கூட்டிட்டு வரட்டும். இல்லைன்னா மாசமா இருக்கற அக்காவை, காது கேக்காத மாமாவை. பாட்டி எங்க உக்காந்துச்சு, எங்க உக்கார இடம் தேடுச்சு, எப்போ "போதும்டா போலாம்" னு சொல்லிச்சு. இதை எழுதினாலே ரிப்போர்ட் ரெடி.

#12 செவ்வாப்பேட்டைக்காரன்

பாட்டி விஷயம் சூப்பர்ங்க. எங்கம்மா போன தடவை வேனை விட்டே இறங்கல.

#13 கணக்குவழக்கு

யாரும் காசைப் பற்றிப் பேசவில்லையே. ஒரு குடும்பம் மலையில் செலவு செய்கிற பணத்தில் எவ்வளவு மலையிலேயே தங்குகிறது? பெட்ரோல் கீழே போட்டது. ரிசார்ட் முதலாளி எந்த ஊரோ. பஜ்ஜிக் கடைக்காரர் உள்ளூராக இருக்கலாம், வாழைக்காய் எங்கிருந்து வந்தது? சுற்றுலாத் தலங்களில் ஹோம்மேட் சாக்லேட், தைலம், மசாலாப் பொட்டலம் விற்கிறார்களே, பொட்டலத்தைத் திருப்பி முகவரியைப் படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். மலையில் விளைகிற மிளகு, காப்பி, ஆரஞ்சு, பலா எந்தெந்தக் கடையில் எந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு குழு பார்க்கட்டும். ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பின்தொடர்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. மறு வருஷம் ஏப்ரலில் வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே இடமில்லாதவன் எங்கே திரும்புவான்? யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்காடு எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் போடுவதும் வடிவமைப்புதானே.

#14 நிழல்மரம்

@கணக்குவழக்கு, தாங்குவது என்றால் பார்க்கிங் இடத்தை மட்டும் அளக்காதீர்கள். கோடையில் எங்களுக்கே தண்ணீர் லாரி வரவேண்டியிருக்கிறது. அறைக்கு அறை வாளி வாளியாகக் குளிக்கிறார்கள், கேட்டால் "காசு கொடுத்திருக்கோம்" என்பார்கள்.

#15 செவ்வாப்பேட்டைக்காரன்

எல்லாரும் மலைமேலயே நிக்கறீங்க. ஏற்காடு பஸ் சேலத்துக்குள்ள இருந்துதானே கிளம்புது? அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிக்குது. டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ, நூத்துக்கு மேல படம் எடுத்த இடம், மலையாளத்தோட முதல் பேசும் படமே இங்க தயாரிச்சதுதான். கேரளாவுல இருந்து வர்ற வண்டி அந்த வளைவைத் தாண்டித்தான் மலையேறுது. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு அது தெரியாது. பஸ்ல ஒருத்தன் எழுந்து நின்னு சொன்னா ஒரு நிமிஷ வேலை.

எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. டூரிஸ்ட் வந்து "செய்யறதைப் பாக்கலாமா" னு கேப்பாங்க. பாக்கலாம், ஆனா ஒரே இடத்துல பாக்க முடியாது. உருக்கறது ஒரு இடம், கம்பி இழுக்கறது ஒரு இடம், கண்ணி கோக்கறது நாலு தெரு தள்ளி ஒரு வீடு, சூடு பண்ணி ஒட்டிப் பத்த வைக்கறது இன்னொருத்தர், மெருகு வேற ஒருத்தர். ஒரு ஜோடிக் கொலுசு ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் கடைக்கு வரும். பொம்பளைங்க வீட்டு வேலைக்கு நடுவுல உக்காந்து கோக்கறாங்க, அங்க போய் நாற்பது பேர் எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்? ஆசிட் வேற இருக்கு. மலைக்காரத் தம்பி சொன்ன ரெண்டாவது பட்டியல் எங்களுக்கும் பொருந்தும். ஆனா மெருகு போடறதைக் காட்டலாம், அது கண்ணுக்கு அழகு. மூணு பேர் வாங்க, அதுக்கு மேல வேண்டாம்.

பாலம் விஷயத்துல நான் இன்னும் உங்க கட்சி இல்லைங்க மேடம்.

#16 பாடவேளை

இப்போதைக்கு இப்படி ஒரு வரைவு போட்டிருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

முதல் வாரம் யாரும் எதையும் முன்மொழியக் கூடாது. இரண்டு குழு படகுத்துறையில் வாயை மூடிக்கொண்டு நின்று கேள்விகளை எழுதும். ஒரு குழு ஊர் பஸ்ஸில் ஏறி, பள்ளிப் பிள்ளைகளும் சுமையோடு வருகிறவர்களும் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்கும். மூன்று பேர் மட்டும், தம்பி ஏற்பாடு செய்தால், ஊரில் போய் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே செல்போன் பைக்குள்ளேயே இருக்கும். இரண்டாம் வாரம் காலண்டர். நிழல்மரம் ஐயா, அதை ஒரு முறை நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் பாட்டிகளோடு கல்லூரிப் பேருந்தில் பயணம். சேர்வராயன் கோயிலுக்கு முதலில் ஏறி, பிறகு கீழே வருவோம். ஏரி கடைசியில். கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறவர் கும்பிடலாம், கேமரா வேண்டாம்.

அதன் பிறகுதான் வடிவமைப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், முழு நாள் கிடையாது. ஒரு குழுவுக்கு அடிவாரத்திலிருந்து இருபதாவது வளைவு வரை. ஒரு குழுவுக்குச் சாப்பாட்டு நேரம். ஒரு குழுவுக்கு இறங்குகிற நேரம், வரைபலகை சொன்ன மாதிரி. அந்த ஒரு மணியில் கோட்டுக்கு மேலே, கீழே என்ன நடக்கிறது என்று வரைந்து, ஒரு மாற்றம் மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும், தினமும் யார் செய்ய வேண்டும், செய்கிறவருக்குக் கூடுதல் சுமை எவ்வளவு என்பதும் வர வேண்டும். ஐந்தாம் வாரம் அதை ஒரு சனிக்கிழமை நிஜமாகவே செய்து பார்க்க வேண்டும். முந்தைய நாள் அனுப்புகிற மெசேஜோ, அருவிப் படியின் மேலே கையால் எழுதிப் பிடித்த அட்டையோ, பஸ்ஸில் ஒரு நிமிஷப் பேச்சோ, எதுவாக இருந்தாலும் சரி. ஸ்லைடு கிடையாது. அறிக்கை தமிழில், இரண்டு பிரதி. ஒன்று ஊருக்கு.

பாடத்திட்டத்தில் "புதிய சுற்றுலாத் தயாரிப்பு ஒன்றை உருவாக்குதல்" என்று ஒரு வரி இருக்கிறது. துறைத்தலைவர் அதைக் காட்டுவார். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#17 கடைசிபெஞ்சு

ஒரு குழு போய்ப் பாத்துட்டு "இங்க எதையும் மாத்த வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" னு எழுதினா மார்க் எவ்வளவு மேடம்?

#18 பாடவேளை

ஏன் நன்றாக இருக்கிறது, யார் உழைப்பில் நன்றாக இருக்கிறது என்று கோட்டுக்குக் கீழே வரைந்து காட்டினால் முழு மதிப்பெண். சோம்பேறித்தனத்தில் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

#19 இருபதாம்வளைவு

மேடம், பாட்டிங்க வர்ற நாள் சனி ஞாயிறு வேண்டாம், செவ்வாய் புதன் போடுங்க. சோதனை மட்டும் சனிக்கிழமை வைங்க, அன்னைக்குத்தான் உண்மை தெரியும். முன் சீட்டுக்கு ஒரு பையனை அனுப்புங்க, காலையில ஆறு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. தூங்கற பையனா இருந்தா வேண்டாம்.

#20 மலைக்காரன்_மஞ்சக்குட்டை

மூணு பேருக்கு ஏற்பாடு பண்றேன் டீச்சர். அதுல ரெண்டு பேராவது பொண்ணுங்களா இருக்கட்டும், குழுவுல அம்மாங்க அப்போதான் பேசுவாங்க. பறிப்பு நேரமா இருந்தா பகல்ல யாரும் வீட்ல இருக்க மாட்டாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்றேன்.